டாங்கிச் செயினும் கொலுசு கோர்த்த கையும்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பேச்சு அதில்தான் ஆரம்பித்தது. 3,400 ரூபாய். அதற்கு மேல் தபால்காரர் வாசலிலேயே நின்று சுங்கவரி என்று 900 சொச்சம் வாங்கிக்கொண்டு போனார். பிரித்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி ஈயக் கலர் துண்டுகள், ஒரு சுருள் பித்தளைக் கம்பி, நாலாக மடித்த ஒரு காகிதம். அவ்வளவுதான்.

"என்னடா சாமி இது, நாலாயிரத்துக்கு?"

"செயின்மா. டாங்கிக்குப் போடறது. நாமதான் கோர்க்கணும்."

'கோர்க்கணும்' என்ற வார்த்தை மட்டும் காதில் விழாமல் இருந்திருந்தால் நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன்.

நாங்கள் இருப்பது சேலத்தில், சிவதாபுரம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து 26 வருஷமாகக் கொலுசு வேலை. வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியை எடை போட்டு வாங்கி வருவார். நான் கண்ணி கோர்த்து, பற்றவைக்கிற பொடி வைத்துச் சுடர் ஊதி, சலங்கை பூட்டிக் கொடுப்பேன். திரும்ப எடை போட்டு, சேதாரம் கழித்து, கூலி. கண்ணி கோர்ப்பதற்குக் காசு வாங்கித்தான் எனக்குப் பழக்கம். காசு கொடுத்துக் கண்ணி வாங்கி, உட்கார்ந்து கோர்க்கிற ஜனம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான். பிளாஸ்டிக் டாங்கி பொம்மை ஒட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. பொம்மை என்றால் கோபம் வரும், 'மாடல்' என்று சொல்ல வேண்டும். நிஜ டாங்கியை 35 மடங்கு சுருக்கிய அளவு. பொங்கல் லீவுக்கு வந்தவன் மூன்று ராத்திரி உட்கார்ந்து 22 கண்ணி கோர்த்தான். கண் எரிகிறது, கை வலிக்கிறது என்று தட்டோடு என் பக்கம் தள்ளிவிட்டு பஸ் ஏறிவிட்டான். மிச்சத்தைக் கோர்த்து முடித்தது நான். அதனால் இந்த விமர்சனத்தையும் நானே எழுதுகிறேன். தட்டச்சு மட்டும் அவன் செய்து கொடுத்தான், டாங்கி சம்பந்தமான கணக்குகளையும் அவனே சரிபார்த்தான்.

எதற்கு இதைத் தனியாக வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். டாங்கி கிட்டோடு ஒரு செயின் வரத்தான் வருகிறது. ரப்பர் மாதிரி வளையும் ஒரே பட்டை, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அதை மாட்டிப் பார்த்தால் தையல் மெஷின் பெல்ட் மாதிரி விறைப்பாக நிற்கிறது. இவன் ஒட்டியிருந்தது டி-55. ரஷ்யாக்காரன் டாங்கி, நம் ராணுவத்திலும் பல வருஷம் ஓடியது. நிஜத்தில் 36 டன். இதற்கு முந்தைய டி-54-ஐப் பார்த்துச் சீனாக்காரன் டைப் 59 என்று ஒன்று செய்து பாகிஸ்தானுக்குக் கொடுத்தான். 1971-இல் ராஜஸ்தானில் லோங்கேவாலா மணலில் வந்து மாட்டிக்கொண்டது அதுதான். பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் மட்டும் இடைவெளி கொஞ்சம் அதிகம், அதை வைத்தே இந்த டாங்கியை அடையாளம் கண்டுவிடலாமாம். செயினை மேலே தாங்கிப் பிடிக்கத் தனியாகக் குட்டி உருளை எதுவும் கிடையாது. அதனால் மேல்பக்கத்துச் செயின் தன் எடையிலேயே தொய்ந்து சக்கரத்து முதுகில் படுத்துக்கொள்ளும். படத்தில் பார்த்தேன். இடுப்பில் ஒட்டியாணம் தளர்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அந்தத் தொய்வு ரப்பர் பட்டையில் வராது, எடை இருந்தால்தான் வரும். அதற்குத்தான் உலோகக் கண்ணி.

இந்த வகைச் செயினில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஹங்கேரி நாட்டு ஃப்ரியுல்மாடல் என்றான் பையன். நாங்கள் வாங்கியது அது இல்லை. அதைவிட விலை குறைவு என்று வேறொரு சின்னக் கம்பெனியிடம் வாங்கினான். பெயரை இங்கே எழுதவில்லை. குறை சொல்லப்போகிறேன், பிறகு அவர்கள் செய்த நல்லதையும் சொல்லப்போகிறேன். இரண்டுக்கும் பெயர் வேண்டியதில்லை.

நான் முதலில் செய்த காரியம் எடை போட்டதுதான். கை அதுவாகவே தராசைத் தேடிப் போய்விட்டது. 10 கண்ணி 6 கிராம் 200 மில்லி. பக்கத்துக்கு 90 கண்ணி என்றால் ஏறக்குறைய 56 கிராம், இரண்டு பக்கமும் சேர்த்து 112 கிராம். ஒரு ஜோடி கனமான கொலுசு எடை. அப்புறம் எண்ணினேன். டப்பாவின் மேல் 190 என்று போட்டிருந்தது, உள்ளே 187-தான் இருந்தது. அதில் நாலு வார்ப்பு சரியில்லை. ஒன்றில் பாதி ஓரம் நிறையவே இல்லை, மூன்றில் கொம்பு மடங்கியிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் இப்படி மூன்று கண்ணி குறையக் கொடுத்தால் அன்றைக்கே கதவடைப்புதான். வேண்டியது 180 என்பதால் வேலை நிற்கவில்லை. இருந்தாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

கண்ணி எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அகலம் பதினாறரை மில்லிமீட்டர், நீளம் நாலு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிஜ டாங்கியில் 580 மில்லிமீட்டர் அகலம், 35-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு அச்சாக வருகிறது. நடுவில் ஒரு கொம்பு. சக்கரங்கள் இரட்டை இரட்டையாக இருக்குமல்லவா, அந்த ஜோடிக்கு நடுவில் கொம்பு ஓடி செயினை விலகாமல் பிடித்துக்கொள்ளும். முன்னோரத்திலும் பின்னோரத்திலும் சின்னச் சின்னப் பல். ஒரு கண்ணியின் பல் அடுத்த கண்ணியின் சந்துக்குள் போய் உட்காரும், பக்கவாட்டில் ஓட்டை வழியாக ஆணி இறங்கும். கதவுக் கீல் மாதிரி. கொலுசில் மிஷின் வேலை வருவதற்கு முன்னால் இந்த மாதிரி கீல் வைத்த அகலப் பட்டைக் கொலுசு நான் நிறையச் செய்திருக்கிறேன். அதனால் வேலை எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. வார்ப்பில் உருவம் நன்றாகவே விழுந்திருக்கிறது. அடிப்பக்கத்து வரி, மேடு பள்ளம் எல்லாம் கூர்மை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அச்சு செதுக்கினவன் கைகாரன். முழு மதிப்பெண்.

ஓட்டையில்தான் மதிப்பெண் குறைகிறது. 187-இல் நாற்பதுக்கும் மேல் ஓட்டை அடைத்திருந்தது. அரை மில்லிமீட்டர் ஊசியைக் கை ட்ரில்லில் மாட்டி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இது மென்மையான உலோகம், வெள்ளீயம் அதிகம் கலந்தது. ஊசியை அழுத்தினால் ஓட்டை கோணலாகப் போய்விடும், ஊசியும் ஒடியும். அழுத்தக் கூடாது. விரல் நுனியில் உருட்டிக்கொண்டே இருந்தால் அதுவாக இறங்கும். நடுவில் இரண்டு தடவை வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். பையன் மூன்று ஊசி ஒடித்திருந்தான். நான் ஒன்று ஒடித்தேன், அதுவும் சீரியல் பார்த்துக்கொண்டு செய்ததால்.

கம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுருளாகச் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சுருள் கம்பியை அப்படியே வெட்டினால் ஒவ்வொரு ஆணியும் மீன் முள் மாதிரி வளைந்திருக்கும், ஓட்டைக்குள் பாதியில் நின்றுவிடும். பையன் கைவலிக்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு ஆணியையும் குறடால் தள்ளித் தள்ளி இறக்கியிருக்கிறான். கம்பியின் ஒரு முனையைக் கிட்டியில் இறுக்கி, மறுமுனையைக் குறடில் பிடித்து, நிதானமாக இழுக்க வேண்டும். ஒரு நொடியில் கை கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கிற மாதிரி தெரியும். கம்பி ஒரு மயிரிழை நீண்டுவிட்டது என்று அர்த்தம். விட்டுவிட்டால் ஈர்க்குச்சி மாதிரி நேராக இருக்கும், கொஞ்சம் விறைப்பும் ஏறியிருக்கும். இதைச் செய்தபிறகு ஆணி வழுக்கிக்கொண்டு இறங்கியது. காகிதத்தில் எட்டுப் படம் போட்டவர்கள் இதை ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சரி, நீளமாவது போதுமா? ஓட்டை முழு அகலத்துக்கும் போகவில்லை, இரண்டு ஓரத்திலிருந்தும் கொஞ்ச ஆழம்தான். அதனால் ஒரு மூட்டுக்கு இரண்டு ஆணி. 180 மூட்டு, 360 ஆணி. ஆணி ஒன்று 5 மில்லிமீட்டர் என்றால் 1 மீட்டர் 80 வேண்டும். அவர்கள் வைத்தது ஒன்றரை மீட்டர். எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கடைசி 64 ஆணிக்குக் கம்பி இல்லை. ராத்திரி பதினோரு மணி. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் பித்தளைக் கம்பி வாங்குகிற நேரமா அது? பக்கத்தில் டப்பியில் வெள்ளிக் கம்பி இருந்தது. ஓட்டைத் தகட்டில் இரண்டு தடவை இழுத்து அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். வெட்டி இறக்கிவிட்டேன். முக்கால் கிராம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரருக்கு மறுநாள் காலையில்தான் சொன்னேன். "ராணுவத்துக்குப் போன வெள்ளிக்குச் சேதாரம் யார்கிட்ட வாங்கறது?" என்றார்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஆணி இறக்கியபிறகு வெளியே வராமல் இருக்க ஒரு சொட்டுப் பசை வைக்கச் சொல்கிறது காகிதம். எனக்குப் பசை என்றாலே நம்பிக்கை இல்லை. பற்றவைத்துவிட்டால் பேரன் காலம் வரைக்கும் நிற்குமே என்று ஒரு கழிவுக் கண்ணியை எடுத்து, பொடி வைத்து, சுடர் காட்டினேன். ஒரு ஊது. கண்ணி காணோம். தகட்டின் மேல் மிளகு மாதிரி ஒரு உருண்டை ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளி உருக 960 டிகிரிக்கு மேல் வேண்டும், வெள்ளீயம் 232-லேயே ஒழுகிவிடும் என்று பையன் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். 26 வருஷம் நெருப்போடு பழகினவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்தான். கொலுசுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். சுடர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதைவிட முக்கியம், வெள்ளிக்கு வைத்திருக்கிற அரத்தால் இதை ராவாதீர்கள். இந்தத் தூள் வெள்ளித் தூளோடு கலந்து உருக்குக்குப் போனால் அந்தக் கட்டி முழுக்கக் கெட்டுவிடும், தட்டினால் விரிசல் விடும். நான் தனி அரம், தனித் தட்டு, அடியில் பழைய செய்தித்தாள் என்று வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். இந்த மாதிரிக் கலவையில் ஈயமும் இருக்கக் கூடும். அம்மாபேட்டையிலிருந்து வந்த நாத்தனார் தட்டுவடை செட் வாங்கி வந்திருந்தார். ஆசைப்பட்டு இந்தக் கையோடு எடுக்கப் போனேன், பையன் வீடியோ காலில் கத்தினான்.

பசைக்கு வருவோம். ஃபெவிக்விக்தான். டியூபிலிருந்து நேராக வைத்தால் மூட்டுக்குள் ஓடிவிடும், கண்ணி அசையாது. முதல் நாள் எனக்கு எட்டு மூட்டு அப்படி இறுகிவிட்டது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் ஒரு ராத்திரி ஊறப்போட்டதும் விட்டுக்கொடுத்தது. அதன்பிறகு பசையை ஒரு தகட்டில் சொட்டி, தையல் ஊசி முனையில் தொட்டு, ஆணித்தலையில் மட்டும் வைத்தேன். வைத்த கையோடு கண்ணியை இரண்டு தடவை மடக்கி நிமிர்த்திவிட வேண்டும். பசை எங்கே போனாலும் அசைவு நின்றுவிடாது.

நிஜ டாங்கியில் ஆணி எப்படி நிற்கிறது என்று பையனிடம் ஒருநாள் கேட்டேன். டி-55-க்கு அண்ணன் டி-34 என்று ஒன்று உண்டு என்றான். அதில் ஆணித்தலை உள்பக்கம், வண்டி உடம்பைப் பார்த்து இருக்கும். வெளிமுனையில் பூட்டு எதுவும் கிடையாது. ஓட ஓட ஆணி உள்பக்கமாக நழுவும். பின்னால் வண்டி உடம்பில் சாய்வாக ஒரு தகடு பற்றவைத்திருப்பார்கள். செயின் சுற்றி வரும்போது நழுவின ஆணித்தலை அந்தத் தகட்டில் இடித்து, திரும்ப உள்ளே போய்விடும். கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பூட்டே இல்லாமல், ஓட்டத்தையே சுத்தியலாக்கி வைத்திருக்கிறான். எவன் யோசித்தானோ, நல்ல பட்டறைக்காரன்.

கோர்க்கிற வேகம் பற்றி. பையனுக்கு மூன்று ராத்திரியில் 22. நான் முதல் மத்தியானத்தில் 45 முடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, முறை வேறு. அவன் ஒரு கண்ணியை எடுத்து, ஓட்டை திறந்து, அடுத்ததோடு சேர்த்து, ஆணி வெட்டி, இறக்கி, பசை வைத்து, பிறகு அடுத்த கண்ணிக்குப் போகிறான். ஒவ்வொரு கண்ணிக்கும் ஐந்து கருவி கை மாறுகிறது. எங்கள் வேலையில் அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். முதல் நாள் எல்லாக் கண்ணிக்கும் ஓட்டை மட்டும் திற. அடுத்து எல்லா ஆணியும் வெட்டிக் கிண்ணத்தில் போடு. அப்புறம் ஒரு மணைப்பலகையில் இரண்டு இரும்பு ஸ்கேலை பதினேழு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டி, அந்தக் காடிக்குள் பத்துப் பத்துக் கண்ணியாக அடுக்கு. பல்லும் சந்தும் தானாக நேர்க்கோட்டில் வந்துவிடும். பத்துக்கும் சேர்த்துச் சாமணத்தில் ஆணி, பத்துக்கும் சேர்த்துப் பசை. இந்தக் காடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை டப்பாவிலேயே வைத்துக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் கண் தப்பியிருக்கும்!

மொத்தம் ஏழு நாள், தினமும் சமையல் முடித்த பிறகு. கூலிக் கணக்குப் போடவில்லை. போட்டால் கோபம்தான் வரும்.

கோர்த்து முடித்ததும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். ஒன்றரைச் சாண் நீளம், சரசரவென்று கையிலிருந்து வழிந்தது. மூட்டுக்கு மூட்டு மடங்குகிறது, ஆனால் பக்கவாட்டில் முறுக்கவில்லை. சலங்கை பூட்டாத கொலுசு தட்டில் விழுகிற சத்தம். இந்த இடத்தில் 3,400 ரூபாயை நான் மன்னித்துவிட்டேன். சுங்கவரியை இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்தது கறுப்பேற்றுவது. வெள்ளி கறுக்காமல் இருக்கத்தான் நாங்கள் படாதபாடு படுகிறோம். இங்கே கறுக்க வைக்க ஒரு பாட்டில் திரவம் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், செயினோடு வராது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். வெள்ளிக்குச் செய்வது போலவே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். விரல் பட்ட இடம்கூடக் கறுக்காமல் திட்டாக நின்றுவிடும் என்பதால் கையுறை. மாடியில், காற்றோட்டமாக, இனிச் சமையலுக்கு எடுக்கவே போவதில்லை என்று ஒதுக்கிய கண்ணாடிக் கிண்ணத்தில் திரவத்தை ஊற்றி, தண்ணீர் கலந்து, செயினை இறக்கினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு பழுப்பு ஓரத்தில் ஆரம்பித்தது. கிண்ணத்தை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷத்தில் இரும்புச் சட்டிக் கறுப்பு. எடுத்து மூன்று தண்ணீர் அலசி வெயிலில் போட்டேன்.

பித்தளை ஆணித்தலை எங்கேயாவது மினுக்கும் என்று பயந்தேன். ஓரத்தோடு ஒட்ட வெட்டி ராவிவிட்டதால் தெரியவில்லை.

பெயின்ட்டைவிட இது எவ்வளவோ மேல். பெயின்ட் மூட்டில் உரியும், இது உலோகத்தின் நிறமே மாறிவிட்டது. அப்புறம் தரையில் படுகிற பக்கத்தை மட்டும் நைஸ் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்தால் மேடு எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகிவிடுகிறது, பள்ளம் கறுப்பாகவே நிற்கிறது. ஓடி ஓடித் தேய்ந்த இரும்பு அப்படியே. பக்கத்து வீட்டு அண்ணன் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நிஜச் செயின் மாங்கனீசு கலந்த எஃகு, அடி வாங்க வாங்க மேல்தோல் இறுகும், அதனால்தான் அந்தப் பளபளப்பு என்று ஒரு பாடமே எடுத்தார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

மாட்டும்போது ஒரு தப்பு நடந்தது, நீங்கள் செய்யாதீர்கள். கண்ணிக்குத் தலை வால் உண்டு. வலப்பக்கம் சரியாக மாட்டினேன், இடப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டேன். இரண்டு கையிலும் வளையல் போடுகிற பழக்கத்தில், எதிரும் புதிருமாக இருப்பதுதான் ஜோடி என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. வாட்சப்பில் படம் அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் பதில்: "அம்மா, ஒரு பக்கம் முன்னாடி போகுது, ஒரு பக்கம் பின்னாடி போகுது." ஒரே ஒரு மூட்டின் இரண்டு ஆணியை மட்டும் பிடுங்கித் திருப்பி மாட்டினேன். கடைசி மூட்டுக்கு மட்டும் பசை வைக்க வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

90 கண்ணியும் போட்டபோது தொய்வு கொஞ்சம் அதிகம், செயின் சக்கரத்துக்கு நடுவில் தொட்டில் கட்டியது. பக்கத்துக்கு ஒன்று கழற்றினேன், சரியாக உட்கார்ந்தது. நிஜத்திலும் செயின் தேய்ந்து நீண்டால் ஒரு கண்ணியைக் கழற்றி இறுக்குவது வழக்கம்தானாம். பின்னால் இருக்கிற பல்சக்கரம் உலோகத்திலேயே டப்பாவில் வந்திருந்தது, 13 பல், கண்ணியின் ஓரத்துச் சந்தில் ஒவ்வொன்றும் போய் நறுக்கென்று உட்கார்கிறது. இதுவும் முழு மதிப்பெண். முன்சக்கரத்து அச்சு மட்டும் கிட்டின் பிளாஸ்டிக். 56 கிராம் தொங்கினதும் அது உள்பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே துளைத்து ஒரு இரும்புக் கம்பி சொருகினேன். உலோகச் செயின் போடுகிறவர்கள் இதைச் சக்கரம் ஒட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

சேறு பூசுவதற்கு டப்பி டப்பியாகப் பொடி விற்கிறார்களாம். அந்தச் செலவுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்காடு அடிவாரத்தில் குலதெய்வக் கும்பிடுக்குப் போனபோது செம்மண் ஒரு பை அள்ளி வந்தேன். வஸ்திரகாயம் செய்தால், அதாவது வேட்டித் துணியில் சலித்தால், மஞ்சள் தூளைவிட நைசாக வருகிறது. வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கத்து மண்ணையும் ஒரு சிட்டிகை கலந்தேன், காய்ந்த புழுதி நிறம் வந்தது. லோங்கேவாலா மணல் இந்த நிறமா என்று கேட்காதீர்கள். எங்கள் டாங்கி சேர்வராயன் மலை ஏறி இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது கொண்டை ஊசி வளைவும்.

குறைந்த எண்ணிக்கைக்காகவும் கம்பிக்காகவும் பையனை விட்டுக் கடுதாசி எழுதச் சொன்னேன். தராசுப் படம், எண்ணி அடுக்கின படம் எல்லாம் வைத்து. மறுநாளே மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. மூன்று வாரத்தில் பத்துக் கண்ணியும் ஒரு மீட்டர் கம்பியும் வந்து சேர்ந்தன, காசு கேட்கவில்லை. கம்பி இந்தத் தடவையும் சுருள்தான்.

வாங்கலாமா? பொறுமையும் வெளிச்சமும் இருக்கிறவர்கள் வாங்கலாம். கண்ணாடி போட்டும் ஊசி கோர்க்க முடியாதவர்கள் வேண்டாம். இப்போது 3டி பிரிண்டரில் அச்சடித்த பிளாஸ்டிக் கண்ணி வருகிறதாம், ஆணியே வேண்டாம், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். பையனுடைய கூட்டாளி ஒன்று கொண்டுவந்து காட்டினான். உருவம் அருமை. கையில் தூக்கினால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. பத்துக்கு எவ்வளவு போடுவாய் என்று பையன் கேட்டான். உருவத்துக்கு ஒன்பதரை, ஓட்டைக்கு ஐந்து, கம்பிக்கு இரண்டு, கம்பெனிக்காரன் குணத்துக்கு எட்டு. கூட்டி வகுக்க மாட்டேன், அவரவருக்கு எது முக்கியமோ பார்த்துக்கொள்ளுங்கள்.

டாங்கி இப்போது டிவி மேல் நிற்கிறது. எந்த ஆணி வெள்ளி, எந்த ஆணி பித்தளை என்று எனக்கே தெரியாது. போன வாரம் பையன் போன் பண்ணினான். அடுத்தது ஜெர்மன்காரன் டைகர், பக்கத்துக்கு 96 கண்ணி, 725 மில்லிமீட்டர் அகலம், ஆர்டர் போடட்டுமா என்று கேட்டான்.

"கம்பி எத்தனை மீட்டர்னு முதல்ல கேளுடா சாமி" என்றேன்.